ரிலே: உள்ளே நடப்பது என்ன, மலைவீட்டில் அதை இணைப்பது எப்படி

கோத்தகிரியில் மாலை ஆறரை மணிக்கு மேல் வீடுகளில் ஹீட்டரும் கெய்சரும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது, தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கும் ஸ்டெபிலைசருக்குள் ‘டிக், டிக்’ என்று ஓர் ஒலி கேட்கும். மின்னழுத்தம் இறங்குவதை உணர்ந்து, டிரான்ஸ்பார்மரின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு இணைப்பை மாற்றும் ரிலேயின் ஒலி அது. மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டரில் கேட்கும் ‘டக்’ என்ற ஒலியும், ஜீப்பில் இண்டிகேட்டர் போட்டால் கேட்கும் சீரான ஒலியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் மலையில் ரிலே இல்லாத வீடும் தேயிலைத் தொழிற்சாலையும் கிடையாது என்றாலும், அது பழுதானால் திறந்து பார்க்கத் தயங்கி, பெட்டியோடு மாற்றிவிடுவதே வழக்கமாக இருக்கிறது. அந்தத் தயக்கம் போகவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

கடையில் ஒளி ஊடுருவும் உறை போட்ட ரிலே ஒன்றை வாங்கி, 12 வோல்ட் பேட்டரியில் இணைத்து, கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும்; அதுதான் காயில். அதன் நடுவே இரும்புத் தண்டு. தண்டின் தலைக்கு மேலே, ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி விட்டு, ஒரு பக்கம் கீல்போல அசையும் இரும்புத் தகடு. அதைப் பின்னால் இழுத்து வைத்திருக்கும் சிறு ஸ்பிரிங். காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் தண்டு காந்தமாகிறது, தகடு படக்கென்று ஒட்டிக்கொள்கிறது, தகட்டோடு சேர்ந்த நாக்கு மேல் காண்டாக்டை (மின்சாரம் தொட்டுக் கடக்கும் உலோகப் புள்ளி) விட்டுக் கீழ்க் காண்டாக்டைத் தொடுகிறது. மின்சாரத்தை நிறுத்தினால் காந்தம் மறைந்து, ஸ்பிரிங் தகட்டைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடுகிறது. ஒரு முறை இழுபட ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு நொடிதான் ஆகும்.

நாக்கு இணைந்திருக்கும் முனை ‘காமன்’. காயிலில் மின்சாரம் இல்லாதபோது காமனைத் தொட்டுக்கொண்டிருக்கும் முனை ‘என்.சி.’. மின்சாரம் வந்தபின் தொடும் முனை ‘என்.ஓ.’. காயிலுக்கும் காண்டாக்டுக்கும் இடையே கம்பித் தொடர்பு எதுவும் இல்லை. காந்தம் மட்டுமே இரண்டுக்கும் நடுவில் தூது போகிறது. ரிலேயின் பெருமை முழுவதும் இந்தப் பிரிவில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஏனெனில் ஈரத்தில் நின்று தொடவேண்டிய பக்கத்தை 12 வோல்ட்டிலும், மோட்டார் ஓடும் பக்கத்தை 230 வோல்ட்டிலும் வைத்து, ஒன்று மற்றொன்றுக்குள் வராமல் பார்த்துக்கொள்ள இது வழி செய்கிறது.

அளவுகளையும் பார்த்துவிடுவோம். பரவலாகக் கிடைக்கும் 12 வோல்ட் சிறிய ரிலேயின் காயில் 400 ஓம் இருக்கும். ஆகவே அது எடுப்பது 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.36 வாட். அதன் காண்டாக்டோ 250 வோல்ட் ஏ.சி.யில் (மாறுதிசை மின்சாரம்) 10 ஆம்பியர் தாங்கும் என்று எழுதியிருக்கும். 230 வோல்ட்டில் கணக்கிட்டால் 2,300 வாட். ஒரு பங்கு சக்தி ஆறாயிரம் பங்குக்கு மேல் ஆணையிடுகிறது. 1835-இல் அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றி இதன் முதல் வடிவத்தை உருவாக்கியபோதும் நோக்கம் இதுதான்: நெடுந்தூரக் கம்பியில் வலுவிழந்து வந்து சேரும் மின்சாரத்தைக்கொண்டு, அங்கே தனியாக இருக்கும் பேட்டரியை இயக்கவைப்பது. தந்தி நூற்றுக்கணக்கான மைல் போனது இந்த உத்தியால்தான்.

ஏ.சி. காயிலில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஒரு நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், அத்தனை முறையும் தகடு விடுபடப் பார்க்கும். அதைத் தடுக்க, தண்டின் முகத்தில் ஒரு சிறு செப்பு வளையத்தைப் பதித்திருப்பார்கள். வளையத்தில் தூண்டப்படும் மின்னோட்டம் காந்தப் புலத்தின் ஒரு பகுதியைச் சற்றே பின்தங்க வைப்பதால், இழுவிசை எந்தக் கணத்திலும் முழுதாக அற்றுப்போவதில்லை. ஒரு காண்டாக்டர் (மோட்டார் போன்றவற்றை இயக்கும் பெரிய ரிலே) ‘ங்ங்ங்’ என்று ரீங்கரித்தால் இந்த வளையம் உடைந்திருக்கிறதா, அல்லது தகட்டுக்கும் தண்டுக்கும் நடுவே தூசியும் துருவும் படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கையில் இருக்கும் ரிலேயைச் சோதிப்பது

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து முனைகளை இரண்டிரண்டாகத் தொடுங்கள். நூற்றுக்கணக்கில் ஓம் காட்டும் ஜோடி காயில். பூஜ்யத்துக்கு அருகில் காட்டும் ஜோடி காமனும் என்.சி.யும். மீதமுள்ளது என்.ஓ. பேனல்களில் வரும் எட்டு முள் வட்ட ரிலேயாக இருந்தால் தேடவே வேண்டாம்: 2, 7 காயில், 1, 8 காமன், 4, 5 என்.சி.; 3, 6 என்.ஓ. இதை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது, இருட்டில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்யும்போது உதவும்.

பிறகு காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்து, ஒலி கேட்கிறதா என்பதோடு நிறுத்திவிடாமல், காமனுக்கும் என்.ஓ.வுக்கும் இடையே மீட்டர் என்ன காட்டுகிறது என்றும் பாருங்கள். ஒலி வந்தும் சில ஓம் காட்டினால் காண்டாக்ட் கருகியிருக்கிறது என்று பொருள். அந்த ரிலே சுமை (அது இயக்கும் மோட்டார், ஹீட்டர் போன்றவை) ஏறியதும் சூடாகி உருகும். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பவர் சப்ளை உங்களிடம் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் 9 வோல்ட்டுக்குள் தகடு இழுபட வேண்டும். ஆனால் இறக்கிக்கொண்டே வந்தால் அது 9-இல் விடாது. 3, 4 வோல்ட் வரைகூடப் பிடித்துக்கொண்டிருக்கும். தகடு ஒட்டியபின் இடைவெளி மறைந்துவிடுவதால் குறைந்த காந்தமே அதைத் தாங்கப் போதுமானது. இந்த ஏற்ற இறக்க வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மலையில் நேரும் தொல்லைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி

இணைப்பு வரைவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: காயிலுக்கு வரும் கம்பி அறுந்தால், மின்சாரம் நின்றால், சுமை என்ன நிலையில் இருக்கவேண்டும்? மோட்டார் நிற்கவேண்டும் என்றால் என்.ஓ.வில் இணையுங்கள். அபாய மணி அடிக்கவேண்டும், அவசர விளக்கு எரியவேண்டும் என்றால் என்.சி.யில் இணைத்து, எல்லாம் சரியாக இருக்கும்வரை காயிலை மின்சாரத்தில் பிடித்து வையுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் இணைத்த ரிலே பத்து ஆண்டு நன்றாக வேலை செய்துவிட்டு, தேவைப்படும் ஒரே ஒரு இரவில் கைவிடும்.

இதைத் தண்ணீர்த் தொட்டியை வைத்து விளக்குகிறேன். நம் ஊர்களில் ஊற்றோ கிணறோ பள்ளத்தில் இருக்கும். வீடும் தொட்டியும் மேட்டில் இருக்கும். மோட்டாரைப் போட, நிறுத்த மழையில் இறங்கி ஏறாமல் இருக்க, நீர்மட்டத்தோடு ஏறி இறங்கி இணைப்பை மூடித் திறக்கும் ஃப்ளோட் (மிதவை) சுவிட்சும் ரிலேயும் கொண்டு தானாக இயங்கச் செய்யலாம். இரண்டு ஜோடி காண்டாக்ட் உள்ள 12 வோல்ட் டி.சி. (பேட்டரி போன்ற நேர்மின்சாரம்) ரிலே ஒன்று, மூன்று ஃப்ளோட் சுவிட்ச், ஒரு காண்டாக்டர், 12 வோல்ட் அடாப்டர் ஆகியவை போதும். அடாப்டரின் பாசிட்டிவ் கம்பியை முதலில் ஊற்றில் இருக்கும் ஃப்ளோட்டுக்குக் கொண்டுபோங்கள். அங்கே தண்ணீர் இருக்கும்வரை அது மூடியிருக்கவேண்டும். அங்கிருந்து தொட்டியின் உச்சியில் உள்ள ஃப்ளோட். தொட்டி நிறையாதவரை அது மூடியிருக்கவேண்டும். அடுத்து தொட்டியின் அடியில் உள்ள ஃப்ளோட். தண்ணீர் அந்த அளவுக்கு இறங்கினால் மட்டும் அது மூடவேண்டும். அங்கிருந்து காயில், காயிலிலிருந்து நெகட்டிவ். ரிலேயின் முதல் ஜோடியில் காமனையும் என்.ஓ.வையும் அடி ஃப்ளோட்டின் இரு முனைகளுக்குக் குறுக்கே இணைத்துவிடுங்கள்.

தொட்டி வற்றினால் அடி ஃப்ளோட் மூடி ரிலே இழுபடும். தண்ணீர் சற்று ஏறியதும் அடி ஃப்ளோட் திறந்துகொண்டாலும், ரிலே தன் சொந்தக் காண்டாக்ட் வழியாகவே தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கும். உச்சி ஃப்ளோட் திறந்த பிறகுதான் விடும். மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தி விட்டபின்னும் மோட்டார் ஓடுவதும், சிவப்பை அழுத்தினால் நிற்பதும் இதே முறையில்தான். அடி ஃப்ளோட் பச்சை, உச்சி ஃப்ளோட் சிவப்பு. ஒரே ஃப்ளோட்டை வைத்தால் நீர் அலையும் ஒவ்வொரு முறையும் மோட்டார் நின்று நின்று ஓடிக் கெட்டுப்போகும். இந்த அமைப்பில் காட்டெருமை மிதித்துக் கம்பியை அறுத்தாலும், மரக்கிளை விழுந்து அறுத்தாலும் காயில் விடுபட்டு மோட்டார் நின்றுவிடும். ஊற்று வற்றினாலும் நிற்கும். கம்பிகள் சரிவு முழுதும் போனாலும் அவற்றில் இருப்பது 12 வோல்ட் என்பதால், ஈரத்தொட்டியில் கைவைப்பவருக்கு ஆபத்தில்லை. அதற்காக அடாப்டர் நல்ல தரத்தில் இருக்கவேண்டும். மலிவானவற்றில் உள்ளே காப்பு பிளந்து 230 வோல்ட் வெளியே வந்துவிடக்கூடும். தூரத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். 200 மீட்டருக்கு ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியை இழுத்தாலும், போக வர 400 மீட்டரில் 30 மில்லி ஆம்பியருக்கு இழப்பு கால் வோல்ட்டைத் தாண்டாது.

இரண்டாவது ஜோடிக் காண்டாக்டில் நேரடியாக மோட்டாரை மாட்டிவிடாதீர்கள். ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போது எடுப்பது 6, 7 ஆம்பியர்தானே, ரிலேயில் 10 என்று எழுதியிருக்கிறதே என்று தோன்றும். அந்த 10 ஆம்பியர், ஹீட்டர் போன்ற எளிய சுமைக்குச் சொன்ன கணக்கு. மோட்டார் கிளம்பும் கணத்தில் ஐந்தாறு மடங்கு இழுக்கும், அணைக்கும் கணத்தில் தீப்பொறியை நீட்டிக்கும். சில வாரங்களில் காண்டாக்ட் பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். ஆகவே ரிலே காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும். மோட்டாரைக் காண்டாக்டர் சுமக்கட்டும். காண்டாக்டர் வாங்கும்போது ‘ஏ.சி.3’ என்ற வரிசையில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பாருங்கள். அதுதான் மோட்டாருக்கான அளவு, ‘ஏ.சி.1’ வரிசையில் இருக்கும் பெரிய எண் ஹீட்டருக்கானது. ஒரு எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு ஏ.சி.3-இல் 12 ஆம்பியர் நிம்மதியாக இருக்கும். அதோடு மோட்டாரின் முழுச்சுமை அளவுக்குத் திருப்பி வைத்த ஓவர்லோடு ரிலேயும் வேண்டும். அதற்குள் இருப்பது காயில் அல்ல. சூடானால் வளையும் இரட்டை உலோகப் பட்டை. சற்று நேரம் கூடுதல் ஆம்பியர் போனால் அது வளைந்து காண்டாக்டர் காயிலின் இணைப்பைத் துண்டித்துவிடும்.

12 வோல்ட் காயிலின் குறுக்கே மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். வெள்ளைப் பட்டை உள்ள பக்கம் பாசிட்டிவை நோக்கி இருக்கவேண்டும். காயிலில் சேர்ந்திருந்த காந்தம் சரியும் கணத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட் எதிர்த்திசையில் கிளம்பும். டயோடு இல்லையென்றால் அது ஃப்ளோட் காண்டாக்டைக் கருக்கும். டிரான்சிஸ்டர் இருந்தால் அதைக் கொன்றுவிடும். டயோடு தவறான திசையில் இருந்தால் அடாப்டர் ஷார்ட் ஆகும் என்பதால் மின்சாரம் கொடுக்குமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஏ.சி. காண்டாக்டர் காயிலுக்கு டயோடு பொருந்தாது. அதற்கு 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டரும் தொடராக இணைந்த துண்டைக் குறுக்கே மாட்டலாம். 230 வோல்ட் பக்கத்து வேலை எதுவானாலும் எம்.சி.பி.யை (மின்சாரத்தைத் துண்டிக்கும் மெயின் சுவிட்ச்) இறக்கி, டெஸ்டரால் பார்த்து, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

குறை மின்னழுத்தம் செய்யும் கேடு

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், ஐப்பசி மழை விடாமல் பெய்த ஓர் இரவில், என்னை அவசரமாகக் கூப்பிட்டார்கள். பச்சை இலையை வாட்டும் ட்ரஃப்களில் காற்றடிக்கும் ஃபேன் ஒன்று நிற்க மறுக்கிறது. “சிவப்பை எத்தனை தடவை அமுக்கியும் ஓடிக்கிட்டே இருக்குண்ணா” என்றார் இரவுக் காவலில் இருந்த தம்பி. பேனல் அருகில் போனபோது பக்கத்துக் காண்டாக்டர்கள் இயந்திரத் துப்பாக்கிபோலப் படபடத்துக்கொண்டிருந்தன. மீட்டரை வைத்தேன், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 185 வோல்ட். மெயினை இறக்கிவிட்டு நிற்காத ஃபேனின் காண்டாக்டரைக் கழற்றினால், மூன்று காண்டாக்டில் இரண்டு வெள்ளி முத்தாக உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சிவப்புப் பொத்தான் காயிலை விடுவித்தது உண்மைதான். ஒட்டிய வெள்ளியைப் பிரிக்க ஸ்பிரிங்கால் முடியவில்லை.

காண்டாக்டர் காயில் குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் 85 விழுக்காடு முதல் 110 விழுக்காடு வரை உறுதியாக இழுக்கவேண்டும் என்பது ஐ.இ.சி. என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலை. 230-க்கு 85 விழுக்காடு ஏறத்தாழ 196 வோல்ட். அதற்குக் கீழே அரைகுறையாக இழுக்கும். மோட்டார் கிளம்ப முயன்றதும் மின்னழுத்தம் இன்னும் இறங்கும், விடும். விட்டதும் ஏறும், மறுபடி இழுக்கும். ஒவ்வொரு தொடுதலிலும் கிளம்பும் மின்னோட்டத்தின் முழு வேகம் காண்டாக்டில் விழும். ஏ.சி. காயிலில் தகடு ஒட்டாமல் இருக்கும்போது மின்னோட்டம் பல மடங்கு கூடுதலாக ஓடும் என்பதால் காயிலும் வெந்துவிடும். ஃபியூஸ் எரியாது, அதுதான் இதில் கொடுமை.

மறுநாள் அங்கே ஒரு வோல்ட்டேஜ் மானிட்டர் ரிலேயைப் பொருத்தினோம். 200 வோல்ட்டுக்குக் கீழே ஐந்து நொடி தொடர்ந்தால் எல்லாக் காண்டாக்டர்களின் காயிலையும் அது துண்டிக்கும். மின்னழுத்தம் சீரானபின் தாமத ரிலேக்கள் ஒவ்வொரு ஃபேனையும் அரை நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பும். எல்லாம் ஒரே கணத்தில் கிளம்பினால் அந்த இழுவையே மின்னழுத்தத்தை மறுபடி சாய்த்துவிடும். மூன்று பேஸ் மோட்டார் வைத்திருப்பவர்கள் ஒரு பேஸ் போனால் துண்டிக்கும் பிரிவென்டரையும் சேர்த்துப் போடவேண்டும். மரம் விழுந்து ஒரு கம்பி மட்டும் அறுவது நம் மலையில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நடக்கிறது. இரண்டு பேஸில் முனகிக்கொண்டே ஓடும் மோட்டார் சில நிமிடங்களில் எரியும்.

உயரமும் ஈரமும்

வீட்டிலும் தொழிற்சாலையிலும் பயன்படும் பொதுவான காண்டாக்டர்கள், சுவிட்சுகளின் அளவுகள் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரம் வரை செல்லும் என்று வைத்தே எழுதப்படுகின்றன. குன்னூர் அதற்குள் அடங்கும். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டரிலும், கொடைக்கானல் ஏறத்தாழ 2,130 மீட்டரிலும் இருக்கின்றன. அங்கே காற்று மெலிந்திருப்பதால் சூட்டைக் குறைவாகவே எடுத்துச்செல்லும். காண்டாக்டுகளுக்கு இடையே தீப்பொறி தாவவும் எளிதாக இருக்கும். வேறுபாடு சிறிதுதான் என்றாலும், அளவை விளிம்பில் தேர்ந்தெடுக்காமல் ஒரு படி பெரிய காண்டாக்டர் வாங்குங்கள்.

பனியும் ஈரமும் வேறு விதமாகக் கெடுக்கும். பெட்டிக்குக் கம்பியை மேலிருந்து நுழைக்காதீர்கள். கீழிருந்து, சற்று தொங்கவிட்டு வளைத்து நுழைத்தால் கம்பியில் வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். கருத்துப்போன வெள்ளிக் காண்டாக்டை உப்புத்தாளால் தேய்க்கவேண்டாம். மேலே உள்ள வெள்ளி போய்விட்டால் அடியில் இருக்கும் செம்பு விரைவில் கெடும். இன்னொன்று பலருக்கும் வியப்பாக இருக்கும். 10 ஆம்பியர் ரிலேயில் சில மில்லி ஆம்பியர் சமிக்ஞையை அனுப்பினால் ஈரக்காலத்தில் அது நின்றுவிடும். பெரிய மின்னோட்டம் ஒவ்வொரு முறையும் சிறு பொறியால் காண்டாக்டின் மேல்படலத்தைச் சுட்டு நீக்கும். மிகச் சிறியது அதைத் துளைக்காது. 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே என்றால் பொன்முலாம் பூசிய காண்டாக்ட் உள்ள சிறிய ரிலேயைத் தேடுங்கள்.

டி.சி. சுமையிலும் கவனம் தேவை. ஏ.சி. பொறி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும்போது தானாக அணையும், டி.சி.யில் அந்த வாய்ப்பு இல்லை. அதனால்தான் 250 வோல்ட் ஏ.சி. எழுதிய அதே ரிலேயில் டி.சி.க்கு 30 வோல்ட் என்றுதான் போட்டிருக்கும். சூரியத்தகடு வைத்திருப்பவர்கள் இதை மறந்து காண்டாக்டை எரித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஜீப்பும் மின்கோபுரமும்

மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பனி இறங்கினால் ஃபாக் விளக்கு இல்லாமல் முடியாது. 55 வாட் விளக்கு இரண்டு, 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். டாஷ்போர்டு சுவிட்ச் இதற்குத் தாங்காது. வண்டி ரிலேயில் முனை எண்கள் அடியிலேயே அச்சிட்டிருக்கும். 30-ஐ 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகப் பேட்டரியிலிருந்தும், 87-ஐ விளக்குகளுக்கும், 86-ஐச் சுவிட்சிலிருந்தும், 85-ஐ வண்டி எர்த்திலும் கொடுங்கள். பேட்டரிப் பக்கம் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போடுங்கள். சுவிட்சில் ஓடுவது இப்போது 0.15 ஆம்பியர் அளவுதான்.

1932-இல் பைக்காராவில் நீர்மின் உற்பத்தி தொடங்கியது முதல் இந்த மலைகளின் மேல் போகும் உயரழுத்தக் கம்பிகளையும் காப்பது ரிலேக்களே. கம்பியில் மரம் சாய்ந்தால் மின்னோட்டம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு விரைவாக ஓவர் கரண்ட் ரிலே, லைனைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும். எண்ணெய் நிரப்பிய பெரிய டிரான்ஸ்பார்மரில் 1921-இல் மாக்ஸ் பூக்ஹோல்ட்ஸ் கண்டுபிடித்த ரிலே இருக்கும்: உள்ளே காப்பு கெட்டு எண்ணெயில் வாயுக்குமிழ் சேர்ந்தால் மிதவை இறங்கி எச்சரிக்கும். நான் முதலில் கேட்கச் சொன்ன கேள்விக்கு இங்கே விடை மாறுகிறது. பிரேக்கரைத் திறக்கும் காயில் மின்சாரம் வந்தால்தான் வேலை செய்யும். பழுது நேர்ந்த கணத்தில் லைன் மின்சாரத்தை நம்ப முடியாது. ஆகவே துணைமின் நிலையத்தில் இதற்கென்றே ஒரு பேட்டரி வரிசையை வைத்து, அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

தேயிலை டிரையரின் ஹீட்டர்போல அடிக்கடி அணைந்து எரியும் சுமைக்கு, அசையும் பாகமே இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலே ஏற்றது. ஆனால் ஒவ்வொரு ஆம்பியருக்கும் ஒரு வாட்டுக்குமேல் சூடாகும் என்பதால் சூட்டை வாங்கி வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்க் வேண்டும். கெட்டால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே கெடும் என்பதால் அதற்கு முன்னால் ஒரு காண்டாக்டரையும், வெப்பம் எல்லை மீறினால் அந்தக் காண்டாக்டரை விடுவிக்கும் தெர்மோஸ்டாட்டையும் வையுங்கள்.

வேலை முடிந்ததும் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒரு தாளில் காயில் மின்னழுத்தம், முள் எண்கள், எந்தக் கம்பி எங்கே போகிறது, பொருத்திய தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். அதே எண்ணுள்ள மாற்று ரிலே ஒன்றையும் சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்ளேயே தொங்கவிடுங்கள். மழை இரவில் கடை திறந்திருக்காது.